இங்கிலாந்து விசிட் விசாவுக்கு "அப்பீல் போட்டுத் தருகிறோம்" என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

பெற்றோரையோ மாமனார் மாமியாரையோ இங்கிலாந்துக்கு விசிட் விசாவில் அழைக்கப் பார்த்து ரிஜக்ட் ஆனவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். அந்த விசாவுக்கு அப்பீலே கிடையாது. இல்லாத அப்பீலுக்கு எங்களிடம் 85 ஆயிரம் ரூபாய் வாங்கினார்கள். பணம் மட்டும் போயிருந்தால் இவ்வளவு எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். என் அம்மா பெயரில் போலி பேங்க் ஸ்டேட்மென்ட் வைத்து, அவர் 10 ஆண்டுக்கு அந்த நாட்டுக்குப் போக முடியாதபடி செய்துவிட்டார்கள்.

அக்கா லெஸ்டரில் இருக்கிறாள், பேரனைப் பார்க்க அம்மா போவதாக இருந்தது. முதல் விண்ணப்பம் நாங்களே போட்டது. மறுத்ததற்கு அவர்கள் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: கணக்கில் நான்கு லட்சம் ஒரே தடவையாக வந்திருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அது அப்பா இறந்தபிறகு வந்த இன்சூரன்ஸ் பணம். அந்த இன்சூரன்ஸ் கடிதத்தையும் ஒரு பக்க விளக்கத்தையும் வைத்துப் புதிதாக விண்ணப்பித்தால் தீரக்கூடிய விஷயம்.

அந்தச் சமயத்தில்தான் தெரிந்தவர் ஒருவர் திருச்சியில் ஒரு கன்சல்டன்சியைச் சொன்னார். அங்கே இருந்தவர் லேமினேஷன் செய்த ஒரு ஆங்கிலத் தீர்ப்பை மேசையில் வைத்து, "அம்மா, இவங்களும் உங்க மாதிரி மகளைப் பார்க்கப் போனவங்கதான், அப்பீல்ல ஜெயிச்சுக் கொடுத்தோம், நீங்க கவலையே படாதீங்க" என்றார். அந்தத் தீர்ப்பை நான் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். பிறகு பெரிதாக்கிப் பார்த்தால் தேதி 2011. தீர்ப்பு உண்மையானதாகவே இருக்கலாம், ஏனென்றால் உறவினரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அப்போது அப்பீல் உரிமை இருந்தது. 2013 ஜூன் 25-ஆம் தேதியோடு அதை எடுத்துவிட்டார்கள். நம் ஊரில் இன்னமும் "அப்பீல் போட்டு வாங்கினோம்" என்று சொல்கிற பெரியவர்கள் பலர் அந்தக் காலத்துக்காரர்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் இந்த ஆட்கள் காசு பார்க்கிறார்கள். எங்களுக்கு வந்த ரிஃப்யூசல் லெட்டரின் கடைசிப் பகுதியிலேயே அப்பீலும் கிடையாது, அட்மினிஸ்ட்ரேட்டிவ் ரிவ்யூவும் (அந்தத் துறையே தன் முடிவை மறுபடி சரிபார்ப்பது) கிடையாது என்று இருக்கிறது. அந்த ஆள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அது எல்லாருக்கும் போடுற ஃபார்மாலிட்டி சார்" என்றார்.

அப்புறம் அம்மாவை மறுபடியும் கைரேகை வைக்கக் கூப்பிட்டார்கள். "அப்பீலுக்கும் பயோமெட்ரிக் வேணும்" என்றார்கள். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அப்பீலுக்கு யாரும் கைரேகை எடுப்பதில்லை. கைரேகை கேட்டாலே அது புது விசா விண்ணப்பம். "அப்பீல் நம்பர்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியது ஜிடபிள்யூஎஃப் என்று தொடங்கும் எண், அது சாதாரணமாக ஒவ்வொரு விசா விண்ணப்பத்துக்கும் கிடைக்கிற எண்தான். விண்ணப்பத்தில் கொடுத்திருந்த ஈமெயில் முகவரியும் அவர்கள் உருவாக்கியது, பாஸ்வேர்டும் அவர்களிடமே. அதனால் முடிவு வந்தது எங்களுக்குத் தெரியவே இல்லை. கேட்கும்போதெல்லாம் "ஜட்ஜ்கிட்ட இருக்கு" என்ற பதில்தான்.

அக்காவுக்குச் சந்தேகம் வந்து, அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, பிரிட்டிஷ் உள்துறையிடம் அம்மாவைப் பற்றி வைத்திருக்கும் ஆவணங்களின் நகல் கேட்டாள். இதற்குக் கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் தன் கோப்பைக் கேட்கலாம். வந்த நகலைப் பார்த்து எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. அப்பீல் எதுவும் இல்லை, இரண்டாவது விண்ணப்பம் இருந்தது. அதனுடன் ஒரு பேங்க் ஸ்டேட்மென்ட். கணக்கு எண் அம்மாவுடையது, கிளையும் சரி, ஆனால் 12 லட்சத்துக்கு ஃபிக்சட் டெபாசிட் என்று ஒரு வரி. அம்மா அப்படியொரு தொகையைக் கண்ணால் பார்த்ததில்லை. அடுத்த வரியில் மின்கட்டணம் போக மீதி என்று போட்டிருக்கும் தொகை, கூட்டிக் கழித்துப் பார்த்தால் தப்பு. பேங்க் அச்சடித்துக் கொடுக்கும் தாளில் கழித்தல் தப்பாக வருமா? அதிகாரி கண்டுபிடித்துவிட்டார். போலி ஆவணம், ஏமாற்றும் நோக்கம் என்று எழுதி மறுத்திருக்கிறார்கள். போலி ஆவணம் விண்ணப்பதாரருக்குத் தெரியாமலே போயிருந்தாலும் மறுக்கலாம் என்று அவர்கள் விதியில் இருக்கிறது. ஏமாற்றினார் என்று முடிவு செய்துவிட்டால் 10 ஆண்டுத் தடையும் சேர்ந்துகொள்ளும். அம்மாவுக்கு வயது 64.

எல்லா விசாவுக்கும் அப்பீல் இல்லை என்று நான் சொல்லவில்லை. கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழப் போகிற விசாவை மறுத்தால் அங்கே ட்ரிப்யூனல் என்கிற தீர்ப்பாயத்துக்குப் போகலாம், வெளிநாட்டில் இருப்பவர் முடிவு கைக்கு வந்த 28 நாளுக்குள் போட வேண்டும், கட்டணம் 80 பவுண்டு, நேர் விசாரணை வேண்டுமென்றால் 140. வேலை, படிப்பு விசாவுக்கு அட்மினிஸ்ட்ரேட்டிவ் ரிவ்யூ உண்டு, அதுவும் 80 பவுண்டுதான். விசிட் விசாவுக்கு இருப்பது ஜுடிஷியல் ரிவ்யூ மட்டும், அதாவது முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றத்தில் கேட்பது. அதற்கு மூன்று மாதக் கெடு, செலவும் அதிகம், அதனால் பெரும்பாலானவர்களுக்குக் குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பதே வழி. நம்மிடம் "மூணு மாசம் பொறுங்க" என்று அந்த ஆட்கள் சொல்லிக்கொண்டே இருப்பதில் இந்தக் கெடுவெல்லாம் ஓடிப்போய்விடும், அதுதான் எனக்கு வயிறு எரிகிற விஷயம்.

யாரிடம் போனாலும் ஈமெயிலும் பாஸ்வேர்டும் உங்களுடையதாக இருக்கட்டும். சமர்ப்பிக்கும் முன் ஒவ்வொரு தாளையும் வாங்கிப் பாருங்கள், காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ரசீதையும் கவனியுங்கள். எங்களுக்குத் தந்த ரசீதில் அப்பீல் என்ற வார்த்தையே இல்லை, "டாக்குமென்டேஷன் சார்ஜ்" என்றுதான் இருக்கிறது. பணம் போனதும் ஒரு தனி நபரின் ஜிபே எண்ணுக்கு.

அக்கா இப்போது அங்கே பதிவு பெற்ற ஒரு சொலிசிட்டரை (வக்கீலை) பிடித்திருக்கிறாள். வழக்குக்கு முன்னால் அனுப்பும் நோட்டீஸ் உள்துறைக்குப் போயிருக்கிறது. பேங்க் மேனேஜர் உண்மையான ஸ்டேட்மென்ட்டில் முத்திரை போட்டுக் கடிதம் கொடுத்தார், அதையும் வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் இணைத்திருக்கிறோம். இங்கே மோசடி, போலி ஆவணம் இரண்டுக்கும் போலீசில் புகார் கொடுத்தாகிவிட்டது, நுகர்வோர் ஆணையத்திலும் போடப் போகிறோம், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை. திருச்சிப் பக்கத்தில் இதே மாதிரி லேமினேஷன் தீர்ப்பைக் காட்டி உங்களிடமும் பணம் வாங்கியிருந்தால் தயவுசெய்து சும்மா இருக்காதீர்கள், நீங்களும் புகார் கொடுங்கள். எங்கள் ஒருவர் புகார் மட்டும் இருந்தால் "கொடுக்கல் வாங்கல் தகராறு" என்று ஒதுக்கிவிடப் பார்க்கிறார்கள்.