தாடை முறிந்தால் கம்பிக்கட்டா, பிளேட்டா?

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பைக் சறுக்கியதும் தம்பியின் முகவாய்க்கட்டைதான் முதலில் ரோட்டில் மோதியது. போட்டிருந்தது அரை ஹெல்மெட்; அது முகவாயைக் காப்பதில்லை. தையல் போட்டும் பல்வரிசை சேரவில்லை, இடது காதுக்கு முன்னால் வலி. படம் எடுத்தால் முறிவு இரண்டு: முகவாயில் ஒன்று, காதோர மூட்டின் கழுத்தில் ஒன்று. முகவாயில் விழும் அடி தாடை வழியாகவே ஏறி மூட்டை உடைப்பது சகஜம் என்றார் டாக்டர். முகவாயில் தையல் விழுந்தவர்கள் காதோரத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கம்பிக்கட்டு பழைய வழி. மேல், கீழ்ப் பற்களில் உலோகப் பட்டை வைத்து, மெல்லிய கம்பியால் முறுக்கி, இரண்டு தாடையையும் சேர்த்துக் கட்டுவார்கள். பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியே போதும், எலும்பைத் திறக்க வேண்டாம், செலவும் குறைவு. ஆனால் நாலிலிருந்து ஆறு வாரம் வாய் திறக்காது. மாமா பையனுக்கு முன்பு இப்படித்தான் கட்டினார்கள். அத்தை கேழ்வரகுக் கஞ்சியை வேட்டித் துணியில் வடிகட்டி, சிரிஞ்சில் ஏற்றி, கன்னத்துக்குள் விடுவார். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னாலுள்ள சந்து வழியாக அது உள்ளே இறங்கும். வாந்தி வந்தால் உடனே அறுக்க, தலைமாட்டில் எப்போதும் ஒரு கட்டர். ஆள் இளைத்துப்போனான். கட்டு அவிழ்த்த பிறகும் இரண்டு விரல் நுழையாத வாயைப் பயிற்சி செய்துதான் திறந்தான்.

பிளேட்டுக்கு முழு மயக்கம் வேண்டும். பெரும்பாலும் வாய்க்குள்ளேயே கீறி, எலும்பைச் சேர்த்து, சிறு டைட்டானியம் பிளேட்டை ஸ்க்ரூவால் இறுக்குவார்கள். சீக்கிரமே வாயை அசைக்கலாம். கீழுதடு சிலருக்கு மரத்துப்போகும். கிருமி பிடித்தால் பிளேட்டையே எடுக்க வேண்டி வரலாம்.

விலகாத முறிவுக்குக் கம்பிக்கட்டே போதும். முளைக்காத பற்கள் எலும்புக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு ஸ்க்ரூ போடவே யோசிப்பார்கள். வலிப்பு உள்ளவர்களுக்கு வாயைக் கட்டுவது ஆபத்து. தம்பிக்குப் பிளேட்தான் சரி என்று நான் நின்றதற்குக் காரணம் அந்த மூட்டு. முறிந்த மூட்டைப் பல நாள் அசையாமல் வைத்தால் இறுகிப்போகும். முகவாயைப் பிளேட் பிடித்துக்கொண்டால் மூட்டுக்குக் கத்தி வேண்டாம், பல்லில் ரப்பர் மாட்டிக் கடியைச் சரிசெய்துகொண்டே வாயைத் திறந்து மூடலாம்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம்.

சில வாரம் எதையும் மெல்லக் கூடாது என்றார்கள். இரண்டாவது வாரம் அம்மா களி கிண்டி, கீரைக் கடைசலோடு வைத்தார். எங்கள் பக்கம் களியை யாரும் மெல்வதில்லை. தம்பியும் சின்னச் சின்ன உருண்டையாக விழுங்கினான்.