ஆறு பருவங்களாக ஒரே வேரியோவோடு

கிளைடர் என்ற எஞ்சின் இல்லா விமானம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது, இறங்குகிறது என்று காட்டும் கருவிதான் வேரியோமீட்டர், சுருக்கமாக வேரியோ. ஊசி வேரியோமீட்டரை விட்டு எலெக்ட்ரானிக் வேரியோவுக்கு மாறி ஆறு பறக்கும் பருவங்கள் ஆகின்றன. எனக்கு அதில் முதலில் பிடித்தது ஒலிதான். கிளைடர் ஏறினால் 'பீப்' கீச்சென்று அடுக்கடுக்காக வரும், இறங்கினால் தாழ்ந்து ஒரே இழுப்பாகிவிடும். கண் முழுக்க வெளியே இருக்கலாம். ஒரே தெர்மலில், அதாவது மேலெழும் வெப்பக் காற்றில், நாலைந்து கிளைடர்கள் சுற்றும்போது இதன் அருமை தெரியும்.

மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் போகும்போது ஸ்டிக்கை இழுத்து 100க்குக் குறைத்தால், காற்று சும்மா இருந்தாலும் கிளைடர் சுமார் 50 மீட்டர் ஏறிவிடும். இந்தப் பொய் ஏற்றத்தைக் கழித்துக் காட்டத்தான் டோட்டல் எனர்ஜி அமைப்பு. இரண்டாவது பருவத்தில் எனக்கு அது வேலை செய்யவில்லை. இழுக்கும்போதெல்லாம் 'பீப்' துள்ளும், திரும்பிச் சுற்றினால் ஒன்றும் இருக்காது. என் கை சரியில்லை என்றே ரொம்ப நாள் நினைத்தேன். கடைசியில் பார்த்தால், பேனலுக்குப் பின்னால், கருவிக்குக் காற்றழுத்தத்தைக் கொண்டுவரும் ரப்பர் குழாயில் மெல்லிய வெடிப்பு. இப்போது பருவம் தொடங்கும் முன் எல்லாக் குழாய்களையும் தடவிப் பார்த்துவிடுகிறேன்.

குழாய் சரியாக இருந்தாலும் கருவி ஏமாறும். எதிரே திடீரெனக் காற்று வீசினால் வேகமுள் எகிறும், வேரியோவும் ஏற்றம் என்று கூவும். இருக்கை முதுகிலும் தொடையிலும் அழுத்தவில்லை என்றால் நான் திரும்புவதில்லை. முடுக்கமானியும் கைரோவும் சேர்ந்த புதிய கருவியை நண்பரின் கிளைடரில் சில நாள் ஓட்டினேன். இந்த மாதிரிப் பொய்க் கூவல் அதில் கணிசமாகக் குறைவு.

அப்புறம் தாமதம். 40 டிகிரி சாய்வில், மணிக்கு 90 கி.மீ.யில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 19 விநாடி. கருவி இரண்டு விநாடி பிந்தினால் 'பீப்' உச்சம் தொடும்போது நல்ல இடம் 50 மீட்டர் பின்னால் போயிருக்கும். அதனால் மையம் பிடிக்க இருக்கையின் உந்தலையும், பிடித்தது சரியா என்று பார்க்கத் திரையில் சுற்றை வண்ணப் புள்ளிகளாகக் காட்டும் படத்தையும் நம்புகிறேன்.

தெர்மலில் இருப்பதா, கிளம்புவதா? அதற்கு 20 விநாடிச் சராசரியைத்தான் பார்க்கிறேன். ஒரு கணம் விநாடிக்கு 4 மீட்டர் ஏற்றம் காட்டும் இடத்தில் சராசரி 1.5 தான் இருக்கும். தெர்மல்களுக்கு இடையே எவ்வளவு வேகமாகப் பறப்பது என்று கணக்கிட, அடுத்த தெர்மலில் எதிர்பார்க்கும் ஏற்றமாகக் கருவியில் வைக்கும் மெக்கிரெடி எண்ணையும் இந்தச் சராசரியை ஒட்டியே வைக்கிறேன்.

வெயில் நேரே விழுந்தால் திரை மங்குவது மட்டும் இன்னும் தீராத குறை. இந்தப் பருவத்தில், ஒவ்வொரு நாளும் முதல் தெர்மலைத் திரையை மூடிவிட்டு, காதையும் இருக்கையையும் மட்டும் வைத்து மையம் பிடிக்கிறேன்.