சிட்லிங்கி ஆஸ்பத்திரிக்கு ஆயாவைக் கூட்டிப்போன அனுபவம்

என் ஆயாவுக்கு (பாட்டிக்கு) முட்டி வலி முற்றிப்போய், எழுந்து நிற்கவே ஒரு ஆள் வேண்டும் என்றாகிவிட்டது. முதலில் டவுனில் ஒரு ஆஸ்பத்திரி. “சொல்றது புரியுதா இல்லையா?” என்று கத்தினார்கள். மலைக்காரங்க என்றால் காது கேட்காது என்று நினைப்போ என்னவோ, ஆயா அதோடு வாயே திறக்கவில்லை.

அப்புறம்தான் தருமபுரி மாவட்டம் சிட்லிங்கிக்குப் போனோம். 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் ஒரு குடிசையில் ஆரம்பித்த ஆஸ்பத்திரி. அந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து நர்ஸாகவும் சுகாதாரப் பணியாளராகவும் ஆக்கியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நர்ஸ் தங்கச்சி ஆயா பக்கத்தில் உட்கார்ந்து, “எந்த ஊரு ஆயா, காலையில களி சாப்பிட்டியா?” என்று பேச்சுக் கொடுத்து, கட்டில் சட்டத்தைப் பிடித்து எப்படி எழுவது என்று தானே இரண்டு முறை எழுந்து காட்டினார். மூன்றாவது முறை ஆயாவே எழுந்தது!

ஆஸ்திரேலியாவில் பழங்குடியினருக்கு முதியோர் பராமரிப்புச் சேவை 50 வயதிலிருந்தே உண்டு, மற்றவர்களுக்கு 65. பிசியோதெரபி போன்ற துறைகளில் பழங்குடியினரே முன்னின்று நடத்தும் தேசிய அமைப்பும் அங்கே இருக்கிறது. நம் மலை ஊர்களுக்கும் அப்படி வர வேண்டும்.

கூட்டம் இருக்கும், சீக்கிரம் போய்விடுங்கள். வயதானவர்களைத் தயங்காமல் கூட்டிப்போகலாம். ஆயா அடுத்த முறை எப்போது என்று கேட்டுக்கொண்டிருக்கிறது.