மொட்டையா, ஒரு அங்குலமா? சுருட்டைமுடிக் குட்டிக்குக் கோடை வெட்டு

ராகியும் கம்பும் ஒரே ஈத்துக் குட்டிகள். மினியேச்சர் பூடில் நாய்கள். ரெண்டுக்கும் ஒரே செம்பழுப்பு நிறம், சுருள் சுருளாக முடி. ராகியை நான் அவிநாசிக்குக் கொண்டுவந்தேன். கம்பு என் சித்தப்பா மகளோடு கோபிசெட்டிபாளையத்துக்குப் போனான். போன பங்குனியில் ரெண்டுக்கும் ஏழு மாசம். வெயில் ஏற ஆரம்பித்ததும் ராகிக்கு மொட்டை அடித்தோம், கம்புவுக்குத் தங்கை ஒரு அங்குலம் விட்டு வெட்டினாள். ஒரு கோடை முழுக்க ரெண்டையும் பார்த்தாகிவிட்டது. இந்தப் பங்குனிக்கு நானும் ஒரு அங்குலத்துக்கு வந்துவிட்டேன்.

வெட்டாமல் நீளமாகவே விடுவது என்று மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. பார்க்க அழகு. ஆனால் தினமும் முக்கால் மணி நேரம் சீப்போடு உட்கார ஆள் வேண்டும். வேலைக்குப் போகிற வீட்டில் அது நடக்காது. அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

மொட்டைக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. காங்கயம் பக்கத்து ஊரிலிருந்து வந்த என் அம்மாயி ராகியைப் பார்த்ததும் சொன்னது இதுதான்: "ஏஞ்சாமி, இந்த வெய்யல்ல இத்தன மசுரோட எப்படித்தான் கெடக்கும்? குறும்பாட்டுக்குக் கத்தரிக்கற மாதிரி ஒட்டக் கத்தரிச்சுவுட்ரு." குறும்பாட்டு ரோமத்தைப் பார்த்தே வளர்ந்தவர், கம்பளி போலத் திரண்டிருந்த முடி அவர் கண்ணுக்குப் பாரமாகத்தான் தெரியும். உண்ணியும் ஒரு காரணம். வெயில் காலத்தில் உண்ணி பெருகும். சுருட்டை முடிக்குள் அது ஒளிந்துகொண்டால் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் வந்த நாயைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். மொட்டைத் தோலில் மிளகு சைஸ் உண்ணிகூடப் பளிச்சென்று தெரிந்துவிடும். குளிப்பாட்டினால் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். ஊருக்குப் போனால் கொறங்காட்டு (மேய்ச்சல் காட்டு) வேலியோரம் ஓடிவிட்டு நாயுருவி முள்ளோடு திரும்பி வருகிற தொல்லையும் இல்லை. இதெல்லாம் உண்மை. நான் மறுக்கவில்லை.

சூடு குறையும் என்பதில்தான் எனக்கு இப்போது மாற்றுக் கருத்து. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை. பாதத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் அது பெரும்பாலும் சூட்டைத் தள்ளுகிறது. ஆகவே முதுகு முடியை எடுத்துவிட்டால் நமக்கு ஃபேன் காற்றில் வேர்வை ஆறுகிற மாதிரி அதற்கு ஆறிவிடாது. சிக்கில்லாத முடிக்குள் காற்று புகுந்து போகும், வெயிலும் நேராகத் தோலில் இறங்காது. முடி குறைந்தால் உடம்புச் சூடு ஓரளவு சுலபமாக வெளியேறும்தான், ஆனால் அதற்கு ஒரு அங்குலமே போதும். வயிறு மட்டும் விலக்கு. மத்தியானம் ராகி வெறும் தரையில் வயிற்றை ஒட்டிப் படுப்பாள். அங்கே முடி குறைவாக இருந்தால் தரையின் குளிர்ச்சி நேராகத் தோலில் படும். வெயிலும் அங்கே படப்போவதில்லை. அதனால் முதுகுக்கு ஒரு அங்குலம் விடுகிறவர்களும் வயிற்றை ஒட்ட எடுத்துவிடலாம். கம்புவுக்குத் தங்கை செய்ததும் அதுதான்.

ராகிக்கு மொட்டை அடித்தது நாங்கள் யோசித்து எடுத்த முடிவில்லை. கோயம்புத்தூரில் ஒரு க்ரூமிங் கடைக்கு, அழகாக வெட்டிக் கொண்டுவரலாம் என்றுதான் போனோம். அங்கிருந்த பையன் இரும்புச் சீப்பை எடுத்துக் காதுக்குப் பின்னால் வைத்தான். சீப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. அக்குளில் வைத்தான், அங்கேயும் நின்றது. தொடை இடுக்கு, பெல்ட் போடுகிற கழுத்து, எல்லா இடத்திலும் அதே கதிதான். தினமும் பிரஷ் போட்டுத்தான் வந்தேன். ஆனால் பிரஷ் மேல் முடியை மட்டும் பஞ்சுபோல உதறிவிட்டு, அடியில் தோலை ஒட்டிச் சடை பிடித்ததை எனக்குக் காட்டவே இல்லை. "இதைப் பிரிச்சா குட்டிக்கு ரொம்ப வலிக்குங்க, எடுத்துர்றதுதான் நல்லது" என்றான். பத்தாம் நம்பர் பிளேடு போட்டு எடுத்தான். அது தோல் மேல் ஒன்றரை மில்லிமீட்டர் முடிதான் விடும். முடி தனித்தனியாக உதிரவில்லை, பழைய கம்பளித் துண்டு மாதிரி ஒரே விரிப்பாகக் கழன்று வந்தது. அதன் அடியில் அக்குள் தோல் சிவந்து, ஈரம் கசிந்துபோயிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அங்கே நிற்க முடியவில்லை எனக்கு. அந்தப் பையன் மேல் ஒரு குறையும் இல்லை. அந்த நிலைக்குப் போன முடிக்கு மொட்டைதான் மருந்து, இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அப்புறம் மூணு நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தாள். ரெண்டாவது வாரம் முதுகில் தோல் சிவந்து, மெல்லிசாகப் பொருக்கு உதிர்ந்தது. காலை எட்டு மணி வெயிலில் நடக்கக் கூட்டிப்போனது தப்பு. வெயில் பட்டதும் இருக்கலாம், பிளேடு உரசலும் இருக்கலாம் என்றார் கால்நடை டாக்டர். முடி வளர்கிறவரை வெயிலில் காட்ட வேண்டாம் என்றும் சொன்னார். திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு பனியனுக்குப் பஞ்சமா? ஒரு பழைய பனியனை வெட்டித் தைத்துப் போட்டுவிட்டேன். முடியைச் சுமக்கக் கூடாதென்று எடுத்துவிட்டு, கோடை முழுக்கத் துணியைச் சுமக்க வைத்தேன்.

இந்தத் தோல் சங்கதிகூடப் பதினைந்து நாளில் சரியாகிவிட்டது. நான் மனசு மாறியதற்குக் காரணம் சீப்புதான்.

பூடில் முடி மற்ற நாய் முடி மாதிரி தரையில் கொட்டுவதில்லை. உதிர்கிற முடியும் பக்கத்துச் சுருளில் மாட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். குட்டி முடி போய்ப் பெரிய நாயின் முடி வருகிற காலம் ஆறேழு மாசத்தில் தொடங்குகிறது. நிறையக் குட்டிகளுக்கு ஒரு வயசு தாண்டியும் அது நீளும். அந்த மாசங்களில் பழைய மெல்லிய முடி உதிர்ந்து, புதிய அடர்ந்த முடியில் சுற்றிக்கொண்டு, ரெண்டு நாள் சீப்பு படாவிட்டால் சடையாகிவிடும். ஐப்பசியில் ரெண்டு மாசக் குட்டியாக வீட்டுக்கு வந்தால், இது வந்து விழுவது சரியாகப் பங்குனி, சித்திரையில். வெயிலைப் பார்த்து வெட்டலாமா என்று நாம் யோசிக்கிற அதே நேரம்.

இங்கேதான் மொட்டை ஒரு பொய்யான நிம்மதியைத் தருகிறது. மூணு மாசத்துக்குச் சீப்பே வேண்டாம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனியில் ராகிக்கு முடி திரும்பி வந்தபோது அது பழைய பஞ்சு முடி இல்லை. அடர்த்தியாக, விறைப்பாக இருந்தது. குட்டியும் பழைய குட்டி இல்லை. பத்து மாசம், பல்லெல்லாம் முளைத்தாகிவிட்டது, சீப்பைக் கண்டால் கடிக்க வருகிறாள். குட்டிக்காலத்தில் பழகியிருந்த கொஞ்ச நஞ்சமும் மறந்துபோயிற்று. சீப்பு என்றால் வலி, க்ரூமிங் கடை, பிளேடு சத்தம் என்றுதான் அவள் மனசில் பதிந்திருந்தது. ஆடி மாசம் முழுக்க, சீப்பை வெறுமனே தரையில் வைத்து, அதை மோந்தால் ஒரு துண்டு வேகவைத்த சக்கரவள்ளிக்கிழங்கு, முதுகில் தொட்டால் இன்னொரு துண்டு என்று மறுபடி அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தேன்.

அந்த நேரம் கோபிக்குப் போயிருந்தேன். தங்கை திண்ணையில் ஒரு ரப்பர் பாயை விரித்தாள். கம்பு தானாகவே வந்து ஏறி நின்றான். முடியை விரலால் வகிடு பிரித்து, தோல் தெரிகிறதா என்று பார்த்து, அடியிலிருந்து நுனிவரை, மெல்லிய கம்பிப் பல் வைத்த ஸ்லிக்கர் பிரஷ் போட்டாள். பிறகு அதே வகிட்டில் இரும்புச் சீப்பை இறக்கினாள். அது மாட்டாமல் போனால்தான் அடுத்த வகிடு. காதுக்குப் பின்னால் வந்தபோது கம்பு தானே தலையைச் சாய்த்துக் கொடுத்தான். எண்ணிப் பார்த்தேன், பத்தே நிமிஷம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இவ்வளவுதான் என்றாள்.

"அக்கா, நீளம் எவ்வளவுங்கறது பெருசில்லைங்க. சீப்பு தோலைத் தொடுதான்னு பாக்கோணும். ஒரு அங்குலம்னா தொடும். அதுக்கு மேல போனா நம்மால ஆகாதுங்க" என்றாள். மொட்டையில் சீப்புக்கே வேலை இல்லை, நீள முடியில் சீப்பு தோல்வரை போவதில்லை. குட்டியும் பழகி, நம் கையும் பழகுகிற நீளம் இந்த ஒரு அங்குலம்தான். பூடில் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் இருக்கிற நாய். அத்தனை வருஷமும் அதற்குச் சீப்பு வேண்டும். முதல் கோடையில் அதைக் கற்றுக்கொடுக்காமல் விட்டால், பிறகு கற்றுக்கொடுக்க நமக்கும் கஷ்டம், அதற்கும் கஷ்டம்.

இந்த வருஷம் வீட்டிலேயே வெட்டினேன். கிளிப்பரில் 25 மில்லிமீட்டர் கார்டு, அதாவது அந்த நீளத்துக்கு முடியை விட்டு வெட்டவைக்கிற சீப்பு, மாட்டி முதுகும் விலாவும். வயிறு, பாதத்தடி, பின்புறம் மட்டும் கார்டு இல்லாமல். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சிக்கு இருக்கிற முடியில் கார்டு ஓடாது, இழுத்துக்கொண்டு நின்றுவிடும். அதனால் முதலில் சீப்பு, பிறகு குளியல், முழுக்கக் காய்ந்தபின் மறுபடி சீப்பு, கடைசியில்தான் கிளிப்பர். சிக்கோடு குளிப்பாட்டினால் தண்ணீர் பட்டு அது இன்னும் இறுகிவிடும். சின்னச் சிக்கில் ஒரு சிட்டிகை சோளமாவு (கார்ன் ஃப்ளோர்) தூவி விரலால் பிரித்தால் வழுக்கிக்கொண்டு வரும். கத்தரிக்கோலைச் சிக்குக்குள் விடவே கூடாது. சடையோடு சேர்ந்து தோலும் மேலே எழும்பியிருக்கும், எது முடி எது தோல் என்று தெரியாது. பிளேடு பத்து நிமிஷம் ஓடினாலே சுடும். அடிக்கடி மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்து, சூடானால் நிறுத்திவிடுவேன். முதல் நாள் முதுகு மட்டும், மறுநாள் கால்கள். ஒரே மூச்சில் முடிக்க நினைத்தால் குட்டி சலித்துப்போகும்.

கடைக்குப் போவதா, வீட்டிலா என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கை நடுங்குகிறவர்கள் கடைக்கே போகலாம். தடுப்பூசி எல்லாம் முடிந்திருக்க வேண்டும், "ஒரு அங்குலம் விடுங்க" என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். நடுவில் சீப்பு போடுவது எப்படியும் நம் வேலைதான்.

குளியலுக்கு நாய் ஷாம்புதான். எங்கள் போர் தண்ணி உப்பு, அலசியது போதாதோ என்று எப்போதும் சந்தேகமாக இருக்கும், அதனால் ரெண்டு தடவை அலசுகிறேன். அரப்பு போடலாமே என்று அம்மாயி சொன்னார். நம் தலைக்கு அதைவிட நல்லது இல்லை என்பது என் நம்பிக்கை. ஆனால் கண்ணில் பட்டால் என்ன எரிச்சல் எரியும் என்று எனக்கே தெரியும் என்பதால் குட்டிக்குப் போட்டுப் பார்க்கவில்லை. குளித்தபின் காதுக்குள் ஈரம் தங்காமல் துடைப்பதை மட்டும் மறப்பதில்லை. தொங்கு காதில் ஈரம் நின்றால் சீழ் பிடிக்கும்.

ஒரு அங்குலத்தில் குறையும் உண்டு. உண்ணி பார்க்க நேரமாகிறது. விரலிடுக்கு, காது மடல், கழுத்து எல்லாம் ராத்திரிதோறும் தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கொறங்காட்டுக்குப் போய் வந்தால் நாயுருவி எடுக்கவே கால் மணி நேரம். ஆனால் அதையும் சீப்புதான் எடுக்கிறது, சீப்புக்கு அவள் இப்போது உட்காருகிறாள்.

நான் பார்த்தது ரெண்டே ரெண்டு நாய்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோபியில் வாய்க்காலும் தென்னந்தோப்புமாகக் கொஞ்சம் குளிர்ச்சி, எங்கள் பக்கம் வறண்ட காடு. கம்பு சுகமாக இருந்ததில் ஊருக்கும் பங்கு இருக்கலாம். தங்கைக்குப் பொறுமை என்னைவிட அதிகம், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். ராகிக்கு இந்தக் கோடை ரெண்டாவது, அவளும் வளர்ந்துவிட்டாள். முடிக்கு அடியில் தோல் நன்றாக ரோஸ் நிறமாக இருக்கிற வெள்ளைக் குட்டிகளை நான் வளர்த்ததில்லை. அவற்றுக்கு வெயில் இன்னும் கவனம் என்றுதான் தோன்றுகிறது. பொமரேனியன் மாதிரி உள்முடி, வெளிமுடி என்று ரெண்டு அடுக்கு உள்ள நாய்களுக்கு இதில் எதையும் பொருத்திப் பார்க்க வேண்டாம். அவற்றுக்கு மொட்டை அடித்தால் முடி பழையபடி வராமலே போகலாம்.

அடுத்த வெட்டு வைகாசிக் கடைசியில். ஆனி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். அப்போது முக்கால் அங்குலமாகக் குறைத்துவிடலாமா என்று தங்கை கேட்கிறாள். இன்னும் முடிவு செய்யவில்லை. முந்தாநாள் மழைத் தூறலில் நனைந்து வந்தவளைத் துடைத்துவிட்டு, காதுக்குப் பின்னால் சீப்பை வைத்தேன். தோல்வரை போய், மாட்டாமல் வெளியே வந்தது.