சிங்கப்பூர் போக சேலத்துக்காரங்களுக்கு திருச்சியா, பெங்களூரா?

தங்கச்சி பிரசவத்துக்காக போன வருசம் அம்மாவ பெங்களூர்ல ஏத்திவிட்டேன். இந்த மே மாசம் குழந்தைய பாக்க வீட்டோட நாலு பேரும் திருச்சி வழியா போயிட்டு வந்தோம். ரெண்டையும் பாத்தாச்சு, அதனால சொல்றேன்.

நம்ம காமலாபுரம் ஏர்போர்ட் இந்தக் கணக்குல வராது, அங்க உள்நாட்டு ஃப்ளைட் மட்டும்தான். சென்னை 340 கிலோமீட்டர், விட்ருங்க.

வானத்துல பாத்தா ரெண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்ல. திருச்சியில இருந்து சிங்கப்பூர் நேர்கோட்டுல 3,000 கிலோமீட்டருக்கு கொஞ்சம் கம்மி, பெங்களூர்ல இருந்து அதவிட ஒரு 200 கூட. அந்த 200ஐ ஃப்ளைட்டு கால் மணி நேரத்துல தாண்டிரும். எப்படியும் நாலு, நாலரை மணி நேரம். டிக்கெட்ல போட்டிருக்கற அந்த நேரத்த மட்டும் பாத்துத்தான் நானும் மொத தடவ ஏமாந்தேன்.

ஆளக் கொல்றது ரோடுதாங்க. பெங்களூருக்கு நாம நுழையறது தெக்கால, ஏர்போர்ட் இருக்கறது வடக்கால தேவனஹள்ளியில, ஊர முழுசா தாண்டணும், மொத்தம் 235 கிலோமீட்டர் கிட்ட வருது. தொப்பூர் கணவாய்ல லாரி எதுவும் கவுந்து கெடக்கலன்னா ஓசூர் வரைக்கும் ஜம்முனு போயிரலாம். மத்தியானம் ஒரு மணிக்கு அஸ்தம்பட்டியில கெளம்பி நாலுக்கு ஓசூர் தொட்டோம், அப்பறம் எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பால்னு ஊர்ந்து ஊர்ந்து ஏர்போர்ட் வாசலுக்கு வரயில ஏழரை. அம்மா மடியில தட்டுவடை பைய வெச்சுக்கிட்டு "ஏங்கண்ணு, இது இன்னும் பெங்களூர்தானா?"ன்னு மூணு தடவ கேட்டுச்சு. ராத்திரி பதினோரு மணிக்கு மேல நுழைஞ்சா சீக்கிரம் தாண்டிரலாம்னு சொல்றாங்க, நான் அந்த நேரத்துல போனதில்ல.

திருச்சி 150 கிலோமீட்டருக்குள்ளதான். சீலநாயக்கன்பட்டி தாண்டுனா நாமக்கல் வரைக்கும் நாலுவழிச் சாலை, அங்கிருந்து தொட்டியம், முசிறின்னு காவிரி ஓரமாவே ரோடு. இந்தப் பகுதி அகலம் பத்தாது, ஒரு வாழத்தார் லாரி முன்னாடி மாட்டுனா ஓவர்டேக் எடுக்க வழியில்லாம அது பின்னாடியே போகணும். அப்படியும் விடியக்காலம் நாலு மணிக்கு கெளம்பி, முசிறியில நிப்பாட்டி காபி குடிச்சுட்டு ஏழு மணிக்கு ஏர்போர்ட். 2024ல தொறந்த புது டெர்மினல், கூட்டமில்லாம நல்லா விசாலமா இருக்கு. திரும்பி வரயிலதான் இதோட அருமை தெரியும், தூங்கற பையன தோள்ல போட்டுக்கிட்டு வெளிய வந்து மூணு மணி நேரத்துல வீட்ல படுத்துட்டோம்.

பெங்களூருக்கு ஒண்ணு சொல்லணும், டைமிங் நெறைய, பெரிய ப்ளேனும் கெடைக்கும். நான் பாத்தப்ப டிக்கெட்டும் ஆளுக்கு ரெண்டாயிரம் கம்மிதான், ஆனா கார் வாடகை, டோல்னு அது அங்கயே போயிருச்சு. தனியா பஸ்ஸுல போறவங்களுக்கு கணக்கு மாறும், ஓசூர்ல சொந்தக்காரங்க வீடு இருந்து மொத நாளே போய்ப் படுத்துக்கலாம்னாலும் பரவால்ல.

தங்கச்சி தீபாவளிக்கு வர்றா, திருச்சிக்கே டிக்கெட் போடச் சொல்லிட்டேன். கெடச்சது ராத்திரி எறங்கற ஃப்ளைட்டு. முசிறி ரோட்ட நான் இதுவரைக்கும் வெளிச்சத்துலதான் ஓட்டியிருக்கேன்.