பட ரெஸ்யூமா, எழுத்து ரெஸ்யூமா: எந்த வாசலில் எது நுழையும்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தான். "மாமா, ரெஸ்யூம் புதுசா போட்டிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க" என்று திரையை என் பக்கம் திருப்பினான். இடது ஓரம் முழுக்கக் கருநீலப் பட்டை. அதன் உச்சியில் வட்டத்துக்குள் அவன் புகைப்படம். கீழே எக்செல்லுக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம், தரவுத்தளத்திலிருந்து விவரம் கேட்டு எடுக்கும் எஸ்கியூஎல் மொழிக்கு 80 சதவீதம் நிரம்பிய கோடு, 'டீம் ஒர்க்'குக்கு முக்கால் நிலா போல ஒரு வளையம். வலது பக்கம் கல்லூரியில் ஆரம்பித்து இன்றுவரை பஸ் ரூட் மாதிரி ஒரு பாதை, நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஒரு புள்ளி.

அழகாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் ரசித்துவிட்டுக் கேட்டேன்: "எக்செல் அஞ்சுல நாலுன்னா, அந்த ஒண்ணு எங்கடா போச்சு?"

அவனுக்குத் தெரியவில்லை. மூன்று மாதமாக இதைத்தான் வேலைப் போர்ட்டல்களில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். தரவு அலசல் வேலை, இரண்டு வருட அனுபவம், ஒரு அழைப்புகூட இல்லை. நான் பெருங்குடியில் ஒரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது முதல் சுற்றில் ரெஸ்யூம்களைப் பிரிப்பது என் தலையில்தான் விழும். படம் போட்டதும் வரும், வெறும் எழுத்தும் வரும். எது சிறந்தது என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அது எந்த வாசல் வழியாக உள்ளே போகப்போகிறது? சென்னையில் வேலை தேடுகிறவருக்குப் பெரும்பாலும் மூன்று வாசல்கள். போர்ட்டல், தெரிந்தவரின் வாட்ஸ்அப், கையில் கொண்டுபோய்க் கொடுக்கும் வாக்-இன்.

போர்ட்டல் வாசல்

நௌக்ரி 1997இல் வந்தது, லிங்க்ட்இன் 2003இல். இரண்டிலும் வேலை தேடுகிறவர் பார்க்கும் பக்கம் வேறு, ஆள் தேடுகிறவர் பார்க்கும் பக்கம் வேறு. நௌக்ரியில் அந்த மறுபக்கத்துக்கு ரெஸ்டெக்ஸ் என்று பெயர். எச்ஆர் அங்கே உட்கார்ந்து திறன், அனுபவ ஆண்டு, ஊர், நோட்டீஸ் பீரியட் (இப்போதைய வேலையை விட்டு வர எத்தனை நாள்) என்று போட்டுத் தேடுகிறார். முதலில் அவர் கண்ணில் படுவது நீங்கள் கட்டம் கட்டமாக நிரப்பிய விவரங்கள்: தலைப்பு வரி, இப்போதைய வேலை, சம்பளம். ரெஸ்யூமைத் திறப்பது அதற்கு அப்புறம்தான். அதாவது உங்கள் கருநீலப் பட்டை மேடை ஏறுவதற்குள் பாதி முடிவு எடுத்தாகிவிடும்.

பெரிய நிறுவனங்களின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கத்தில் விண்ணப்பித்தால் ஏடிஎஸ் என்கிற மென்பொருள் வழியாகப் போகிறது. அது உங்கள் கோப்பிலிருந்து எழுத்தை உருவி எடுத்து, பெயர், அனுபவம், திறன் என்று தன் கட்டங்களில் போட்டுக்கொள்ளப் பார்க்கும். சிக்கல் இங்கேதான். பிடிஎஃப் கோப்புக்குள் பாரா, பத்தி (செய்தித்தாளில் வருகிற மாதிரி நெடுக்குப் பிரிவு) என்று நாம் நினைப்பது எதுவும் பெரும்பாலும் இருக்காது. இந்த எழுத்து பக்கத்தின் இந்த இடத்தில் என்ற விவரம்தான் இருக்கும். எது முதல் வரி, எது அடுத்த வரி என்று மென்பொருள் ஊகிக்க வேண்டும். ஒற்றைப் பத்தி என்றால் ஊகம் சுலபம். இரண்டு பத்தி போட்டால் சில மென்பொருள்கள் குறுக்கே படித்துவிடும். இடப்பக்க 'பொழுதுபோக்கு: கிரிக்கெட்' வலப்பக்க 'சீனியர் அனலிஸ்ட்'டோடு ஒட்டிக்கொள்ளும். நட்சத்திரம் அதற்கு ஒன்றுமே இல்லை. படமாக மாறிவிட்ட எழுத்தும் அப்படித்தான். வேர்டில் பக்கத் தலைப்புப் பகுதியில் போன் நம்பரை வைத்தால் அதைப் படிக்காமல் விடும் மென்பொருளும் உண்டு.

'ரோபோ நம் ரெஸ்யூமைக் கிழித்துக் குப்பையில் போடுகிறது' என்று ஒரு பேச்சு ஓடுகிறதே, அது கொஞ்சம் மிகை. பெரும்பாலும் யாரும் கிழிப்பதில்லை. எச்ஆர் எஸ்கியூஎல் என்று தேடும்போது உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் வராது, அவ்வளவுதான். நிராகரித்தால்கூட ஒரு மெயில் வரலாம். இதில் அதுவும் வராது.

பரிசோதிக்கப் பைசா செலவில்லை. ரெஸ்யூமைத் திறந்து எல்லாவற்றையும் செலக்ட் செய்து காப்பி எடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அவனுடையதை ஒட்டினோம். அவன் பெயர் கடைசியில் வந்தது. 'எக்ஸ்பீரியன்ஸ்' என்ற ஆங்கிலத் தலைப்பை அழகுக்காக எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு அடித்திருந்தான். நோட்பேடில் அது பத்துத் தனி எழுத்துகளாக விழுந்து கிடந்தது. திறன்களை ஐகான்களாக வரைந்திருந்த இடத்தில் வெறும் வெற்றிடம். எஸ்கியூஎல் என்ற சொல் அந்தக் கோப்பில் எங்குமே இல்லை. "மூணு மாசமா நான் எஸ்கியூஎல் தெரியாதவனாவா மாமா இருந்தேன்?" என்றான்.

சிலர் டவுன்லோட் செய்யும்போது 'ஃப்ளாட்டன்' என்ற டிக்கைப் போட்டுவிடுவார்கள், அல்லது டிசைன் மென்பொருளில் எழுத்தை அவுட்லைனாக மாற்றிவிடுவார்கள். இரண்டிலும் எழுத்து வெறும் படமாகிவிடும். அதை ஒட்டினால் ஒரு எழுத்தும் வராது. படம் கனத்தால் இன்னொரு தொல்லை: நௌக்ரியில் கோப்பு 2 எம்பிக்குள் இருக்க வேண்டும்.

ஆக இந்த வாசலில் போட்டியே இல்லை, எழுத்துதான். ஆனால் எழுத்து ரெஸ்யூம் என்றதும் பழைய பயோடேட்டாவை நினைத்துக்கொள்ள வேண்டாம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் முடித்த கையோடு அடித்துக் கொடுப்பார்களே, தகப்பனார் பெயர், மதம், திருமண நிலை, கடைசியில் 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை', இடம் சென்னை, கையொப்பம். அது இன்னும் எனக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. அதில் வேலையைப் பற்றி இரண்டு வரி, வம்சத்தைப் பற்றி எட்டு வரி.

எழுத்து ரெஸ்யூமின் குறையையும் சொல்லிவிட வேண்டும். எல்லாம் ஒரே முகம். வெள்ளிக்கிழமை மாலை நாற்பதாவதைப் பார்க்கும்போது பன்னிரண்டாவதில் என்ன இருந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்காது. அதைக் காப்பாற்றுவது முதல் பக்கத்தின் மேல் பகுதிதான். அங்கே 'கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றுவேன்' என்று எழுதியிருந்தால் என் விரல் தானாகக் கீழே உருட்டிவிடும். 'வாராந்திர அறிக்கைக்கு மூன்று நாள் ஆனது, அதை நான்கு மணி நேரமாக்கினேன்' என்று இருந்தால் நிற்கும்.

வாட்ஸ்அப் வாசல்

"அண்ணா, நம்ம பையன்தான், ரெஸ்யூம் அனுப்பறேன், கொஞ்சம் பாருங்க." ஐடி நிறுவனங்கள் வரிசைகட்டி நிற்கும் ஓஎம்ஆர் சாலையில் எத்தனையோ வேலைகள் இந்த ஒரு வரியில்தான் ஆரம்பிக்கின்றன. இங்கே படிப்பது மென்பொருள் இல்லை, மனிதர். அதுவும் பஸ்ஸிலோ மெட்ரோவிலோ நின்றபடி படிக்கிற மனிதர். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பைத் திறக்கும் முன்பே முதல் பக்கத்தின் மேல்பகுதி சின்னதாகத் தெரியும். பெரிய எழுத்தில் பெயரும் ஒரு நிறமும் இருந்தால் கண் நிற்கும். பட ரெஸ்யூமுக்கு இங்கே ஒரு சின்ன லாபம் இருக்கிறது, மறுக்க மாட்டேன்.

திறந்ததும் அந்த லாபம் கரையலாம். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், போன் திரை சுமார் 70. மூன்றில் ஒரு பங்கு. 10 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து போனில் மூன்று புள்ளிச் சொச்சம் ஆகிவிடும். இரட்டைப் பத்தி ரெஸ்யூம்களில் ஓரப் பட்டைக்குள் வைப்பது பெரும்பாலும் அதைவிடப் பொடி எழுத்து. பெரிதாக்கி, இடது தள்ளி, வலது தள்ளிப் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? இன்னும் சிலர் ரெஸ்யூமை போட்டோவாக அனுப்புகிறார்கள். வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், எழுத்து மங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும். கோப்பின் பெயர் 'ஃபைனல் ஃபைனல் 3' என்று இல்லாமல் உங்கள் பெயராக இருக்க வேண்டும்.

வாக்-இன் வாசல்

கிண்டி, அம்பத்தூர் எஸ்டேட், ஒரகடம் பக்கத்து கன்சல்டன்சி எல்லாவற்றிலும் பேப்பர்தான். எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளை 2 ரூபாய், கலர் 10. பத்துப் பிரதி எடுக்கிறவர் எதை எடுப்பார்? கருநீலப் பட்டை கறுப்பாகிவிடும், அதன்மேல் இருந்த வெளிர் சாம்பல் எழுத்து காணாமல் போகும். இடது ஓரத்தில் பஞ்ச் போட்டால் ஓட்டை சரியாக மெயில் முகவரியில் விழும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: நேர்முகத்தில் நான் குறிப்பெழுதுவது ரெஸ்யூமின் ஓரத்தில்தான். எழுத வெற்றிடம் இல்லாத ரெஸ்யூமின் மேல் எனக்கு லேசான எரிச்சல் வரும். அது நியாயமில்லைதான், ஆனால் வரும்.

படம் ஜெயிக்கும் இடம்

டிசைன், யுஐ (ஆப், இணையதளத் திரை வடிவமைப்பு), கட்டடக்கலை, அனிமேஷன், விளம்பரம். வரைவதே வேலையாக இருக்கும் இடங்களில் ரெஸ்யூமும் ஒரு மாதிரி வேலைதான். எழும்பூர்ப் பக்கம் 1850 முதல் இருந்துவரும் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்த ஒருவர் சப்பென்று ஒரு பக்கம் அனுப்பினால் எனக்கே ஏதோ இடிக்கும். ஆனால் அங்கேயும் தீர்மானிப்பது போர்ட்ஃபோலியோ, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பு. அதை வைத்துக் காட்டும் தளமான பிஹான்ஸ் 2005இல் ஆரம்பித்தது, 2012இல் அடோபி அதை வாங்கியது. வேலையைப் பார்க்க இப்படி இடம் வந்த பிறகு ரெஸ்யூமில் படம் காட்டி நிரூபிக்கும் தேவை குறைந்துவிட்டது. வடபழனி, சாலிகிராமம் பக்கம் விஎஃப்எக்ஸ் ஸ்டூடியோக்களில் கேட்பது ஷோரீல், செய்த காட்சிகளைத் தொகுத்த சின்ன வீடியோ.

அதோடு டெம்ப்ளேட் பிரச்சினை. தயார் டிசைன்கள் தரும் கேன்வா தளம் 2013இல் வந்ததிலிருந்து பட ரெஸ்யூம் பத்து நிமிஷ வேலை. தனித்துத் தெரியவேண்டும் என்று எல்லாரும் ஒரே டெம்ப்ளேட்டை எடுக்கிறார்கள். ஒரே நாளில் அதே கருநீலப் பட்டை மூன்று பேரிடமிருந்து எனக்கு வந்தது. அனலிஸ்ட் வேலைக்கு என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். டிசைனர் வேலைக்கு அப்படி வருவது, சமையல்காரர் வேலைக்கு ஓட்டல் பார்சலோடு வருகிற மாதிரி.

படத்தால் ஒரு ஆளைச் சொல்லவே முடியாது என்று நான் சொல்லவில்லை. நம் வீடுகளில் மஞ்சள் தடவி வைத்திருக்கும் ஜாதகத்தைப் பாருங்கள். பன்னிரண்டு கட்டம், ஒரு பக்கம். நம் ஊர்க் கட்டத்தில் மேல் இடது மூலை மீனம், அடுத்தது மேஷம், அங்கிருந்து வலமாகச் சுற்றும். இடம் மாறவே மாறாது. அதனால் கட்டத்துக்குப் பெயர்கூட எழுத வேண்டியதில்லை. ஜோசியர் ஒரு பார்வையில் பிடித்துவிடுவார். அவர் சொல்லும் பலனை நம்புவது உங்கள் பாடு. ஒரு வரைபடமாக அது வேலை செய்கிறது, காரணம் எழுதியவருக்கும் படிப்பவருக்கும் ஒரே கணக்கு.

எஸ்கியூஎல் 80 சதவீதத்துக்கு அந்தக் கணக்கு இல்லை. எதில் 80? பட்டை வரைபடத்தை முதலில் அச்சிட்டவர் என்று சொல்லப்படும் வில்லியம் பிளேஃபேர், 1786இல் வெளியிட்ட நூலில், ஸ்காட்லாந்து 17 நாடுகளோடு செய்த ஏற்றுமதி இறக்குமதியைப் பட்டைகளாகப் போட்டார். ஒவ்வொரு பட்டைக்கும் பின்னால் பவுண்டுக் கணக்கு இருந்தது. ரெஸ்யூமில் பட்டை வரைய ஆசையா, தாராளமாக. அளவு சொல்ல முடிந்ததை மட்டும் வரையுங்கள்.

காலக்கோட்டுக்கு வேறொரு ஆபத்து. அவன் பாதையில் ஒரு நீளமான துண்டு, நடுவில் நிறுத்தமே இல்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் எட்டு மாதம் வீட்டில் இருந்த சமயம். எழுத்தில் அது ஒரு வரி, காரணத்தோடு முடிந்துவிடும். படத்தில் பார்க்கிறவர் கண் நேராக அங்கேதான் போகும்.

வீடியோ ரெஸ்யூம் பற்றியும் அவன் கேட்டான். ஃப்ரன்ட் ஆபீஸ், வாய்ஸ் ப்ராசஸ், கோச்சிங் வகுப்பு மாதிரி பேச்சே முதலீடான வேலை என்றால் செய்து பார்க்கலாம். மற்றபடி, ஆபீசில் இயர்போனைத் தேடி எடுத்து மாட்டுகிற ஆள் நான் இல்லை.

கடைசியில் இரண்டு கோப்பு செய்தோம். ஒன்று ஒற்றைப் பத்தி, எழுத்து மட்டும், போர்ட்டலுக்கும் பிரின்ட்டுக்கும். கருநீலத்தில் பெயருக்குக் கீழே ஒரு மெல்லிய கோடு மட்டும் மிச்சம். இன்னொன்று ஒரு பக்கப் படம். நட்சத்திரம் போய்விட்டது, அறிக்கை நேரம் குறைந்ததற்கு இரண்டு பட்டை வந்தது. அதை லிங்க்ட்இன் பக்கத்தில் வைத்தான். இரண்டிலும் தேதிகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று அரை மணி நேரம் சரிபார்த்தோம். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில், பழைய நிறுவனம் விடுவித்ததற்குத் தரும் ரிலீவிங் லெட்டரோடு ஒப்பிடும்போது ஒரு மாதம் முன்னே பின்னே போனாலும் விளக்கம் கேட்பார்கள்.

அப்புறம் இரண்டு அழைப்பு வந்தது. ரெஸ்யூமாலா, காண்ட்ராக்ட் முடிந்ததால் நோட்டீஸ் பீரியடை 'உடனடி' என்று மாற்றியதாலா, தெரியாது. பஸ் ரூட்டை மட்டும் தூக்க அவனுக்கு மனசில்லை, வேறு கோப்பாகச் சேமித்து வைத்திருக்கிறான். அக்கா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "அழகா இருக்கேடா தம்பி, இதையே பொண்ணு வீட்டுக்கு அனுப்பலாமா?"