செம்பா, அலுமினியமா? தோப்பு மோட்டாருக்கு எந்த ஒயர்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் மீட்டர் பெட்டியிலிருந்து போர்வெல் வரை 150 மீட்டர். சிங்கிள் பேஸ் மோட்டார், ஓடும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். உள்ளூர்க் கடையில் செம்புதான் போடணும் என்றார்கள். வேலந்தாவளம் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் விசாரித்தால் அலுமினியமே போதும் என்றார்கள். சரி, கணக்குப் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் மின்தடை எண். 20 டிகிரி செல்சியஸில் செம்புக்குச் சுமார் 0.0172, அலுமினியத்துக்குச் சுமார் 0.028. ஒரு மீட்டர் நீளம், ஒரு சதுர மில்லிமீட்டர் பருமன் உள்ள ஒயரின் தடை இது, ஓமில். பாடப்புத்தகத்தில் இதன் அலகு ஓம் மீட்டர்; அதற்கு இந்த எண்களைப் பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும். ‘மீட்டருக்கு இத்தனை ஓம்’ என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். தப்பு. தடையைக் குறுக்குப் பரப்பால் பெருக்கி நீளத்தால் வகுப்பதால் வரும் அலகு அது. தோப்புக்கு மில்லிமீட்டர் கணக்கே வசதி: எண்ணை நீளத்தால் பெருக்கி, ஒயரின் ‘ஸ்கொயரால்’, அதாவது சதுர மில்லிமீட்டரில் உள்ள குறுக்குப் பரப்பால், வகுத்தால் ஆயிற்று.

போக 150, வர 150, ஆக 300 மீட்டர். 4 ஸ்கொயர் செம்பில் 1.29 ஓம்; அதை 10 ஆம்பியரால் பெருக்கினால், வழியிலேயே 13 வோல்ட் போய்விடும். அதே 4 ஸ்கொயர் அலுமினியத்தில் 21 வோல்ட். சாயங்காலம் வோல்டேஜ் ஏற்கெனவே இறங்கிக் கிடக்கும் ஊரில் இது தாங்காது, மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும். 6 ஸ்கொயர் அலுமினியமோ 14 வோல்ட்தான் விழுங்கும். அந்தச் செம்பு பதினோரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இந்த அலுமினியம் ஐந்து கிலோகூட இல்லை. செம்பு என்றால் திருட்டுப் பயம் வேறு.

அலுமினியத்தின் வம்பெல்லாம் முனையில்தான். காற்றுப் பட்டதுமே கரண்ட் கடத்தாத ஆக்சைடு படிந்துவிடும். திருகை எவ்வளவு முடுக்கினாலும் நாளாக நாளாக நசுங்கித் தளரும். செம்போடு நேராக முறுக்கினால் ஈரத்தில் அரித்துவிடும். பக்கத்துத் தோப்பில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தபோது முனை கருகி, பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது. “ஒயர் நல்லாத்தானுங்க இருக்கு, நுனிதான் போச்சு” என்றார் வேலைக்கு வந்தவர்.

நான் 6 ஸ்கொயர் அலுமினியமே இழுத்தேன். முனையில் செம்பும் அலுமினியமும் சேர்ந்த பைமெட்டல் லக், அதாவது ஒயர் நுனியில் மாட்டும் உலோகப் பிடி. ஸ்டார்ட்டரிலிருந்து குழிக்குள் இறங்குவது மட்டும் செம்பு.